ஒற்றைத் தலைவலியும் அமெரிக்க முன்னாள் படைவீரர்களின் இயலாமை இழப்பீடும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கப் படைகளில் பணியாற்றி வெளியே வந்தவர்களுக்கு, பணிக்காலத்தில் ஏற்பட்ட உடல் மற்றும் மனப் பாதிப்புகளுக்காக அந்நாட்டின் முன்னாள் படைவீரர் நலத்துறை மாதந்தோறும் இழப்பீடு வழங்குகிறது. பேச்சு வழக்கில் இத்துறை வி.ஏ. என்றே அழைக்கப்படுகிறது. அமெரிக்காவில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகள் பலர் படையில் சேர்ந்திருக்கிறார்கள். 2009 முதல் 2016 வரை மாவ்னி திட்டத்தின் கீழ், தமிழ் உள்ளிட்ட சில மொழிகள் தெரிந்த, சட்டப்படி அங்கே தங்கியிருந்த வெளிநாட்டவரையும் படை சேர்த்துக்கொண்டது. அவர்களுக்காகவும், அவர்களுக்குப் பக்கத்துணையாக இருக்கும் குடும்பத்தாருக்காகவும் இந்தப் பக்கம் எழுதப்பட்டிருக்கிறது.

தலைவலிக்கெல்லாம் இழப்பீடு தருவார்களா?

தருவார்கள். நம் பேச்சில் "தலைவலிதானே, ஒரு மாத்திரை போட்டுக்கொள்" என்று ஒதுக்கிவிடும் பழக்கம் உண்டு. வெளிச்சம் கண்ணில் பட்டால் குமட்டி, சிறு சத்தமும் தாங்காமல், இருட்டறையில் ஒருவரை மணிக்கணக்கில் முடக்கிப்போடும் ஒற்றைத் தலைவலி, அந்த மாத்திரைத் தலைவலியோடு சேர்த்து எண்ணத்தக்கதன்று. அது ஒரு நரம்பியல் நோய். இயலாமையின் அளவை விழுக்காட்டில் குறிக்கும் வி.ஏ.யின் மதிப்பீட்டு அட்டவணையில் 8100 என்ற எண்ணில் அதற்குத் தனி இடம் இருக்கிறது. இறுக்கத் தலைவலி, கொத்துத் தலைவலி போன்றவற்றுக்குத் தனி எண் இல்லாததால் அவற்றையும் பெரும்பாலும் இதே எண்ணின் அளவுகோலை ஒப்புமையாகக் கொண்டே மதிப்பிடுகிறார்கள்.

படையில் இருந்தவர்களுக்கு இது ஏன் இவ்வளவு அதிகமாக வருகிறது?

குண்டுவெடிப்பின் அதிர்வலை, வாகன விபத்து, பயிற்சியில் கீழே விழுதல் ஆகியவற்றால் ஏற்படும் மூளை அதிர்ச்சிக் காயம் முதன்மையான காரணம். கனமான தலைக்கவசத்தையும் மார்புக் கவசத்தையும் ஆண்டுக்கணக்கில் சுமந்ததால் தேய்ந்த கழுத்து எலும்பு, முறையற்ற தூக்கம், போர் அதிர்ச்சியின் பின்விளைவான மனஉளைச்சல் ஆகியவையும் சேர்ந்துகொள்கின்றன.

2020 ஜனவரி 8 அன்று ஈராக்கின் அல் ஆசாத் தளத்தின் மீது ஈரானிய ஏவுகணைகள் விழுந்தபோது யாரும் உயிரிழக்கவில்லை. ஆனால் அடுத்த சில வாரங்களில் நூற்றுக்கும் மேற்பட்ட வீரர்களுக்கு மூளைக் காயம் இருப்பதாகப் பென்டகன் அறிவித்தது. அறிவிப்பு முழுமையாக வெளிவருவதற்கு முன்பே, அவர்களுக்குத் தலைவலி என்று கேள்விப்பட்டதாகவும் அது பெரிய காயம் இல்லை என்றும் அன்றைய அதிபர் கூறியதை முன்னாள் வீரர் அமைப்புகள் கண்டித்தன. வெளியே தெரியும் காயம் இல்லாத நோயாளி எதிர்கொள்ளும் முதல் தடை இத்தகைய சொல்தான் என்பதால் இதை இங்கே குறிப்பிடுகிறேன்.

விண்ணப்பம் ஏற்கப்பட எவற்றை நிரூபிக்க வேண்டும்?

மூன்றை. இப்போது நோய் இருக்கிறது என்பதற்கு மருத்துவச் சான்று வேண்டும். பணிக்காலத்தில் அதற்கு வித்திட்ட நிகழ்வோ காயமோ நோயின் தொடக்கமோ இருந்திருக்க வேண்டும். இந்த இரண்டையும் இணைக்கும் மருத்துவக் கருத்தும் வேண்டும்.

மூன்றாவதில்தான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். "தொடர்பு இருக்கலாம்" என்று மருத்துவர் எழுதினால் போதாது. அதே வேளையில் ஐயத்துக்கு இடமின்றி நிறுவ வேண்டும் என்பதும் இல்லை. தொடர்பு இருப்பதற்கான வாய்ப்பு இல்லாததற்கான வாய்ப்புக்குக் குறைந்தது சமமாகவாவது இருக்கிறது என்று அவர் எழுதி, ஏன் அப்படிக் கருதுகிறார் என்பதற்குக் காரணத்தையும் சொல்ல வேண்டும். இரு பக்கச் சான்றுகளும் ஏறத்தாழச் சமமாக நின்றால் தீர்ப்பு வீரருக்குச் சாதகமாக வழங்கப்பட வேண்டும் என்பது சட்டத்திலேயே இருக்கிறது. காரணம் சொல்லாத ஒரு வரிச் சான்றிதழ், அதை எழுதியவர் எவ்வளவு பெரிய மருத்துவராக இருந்தாலும், அதிகம் உதவாது.

பணியில் இருந்தபோது நான் தலைவலி என்று மருத்துவரிடம் போகவே இல்லை. எனக்கு வழி இருக்கிறதா?

இருக்கிறது. முகாம் மருத்துவப் பிரிவில் எதற்குப் போனாலும் 800 மில்லிகிராம் ஐபுபுரோஃபென் மாத்திரையைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார்கள் என்பதும், வீரர்கள் அதற்கு ரேஞ்சர் மிட்டாய் என்றே பெயர் வைத்திருந்தார்கள் என்பதும் படையில் இருந்த எவருக்கும் தெரியும். வலியைச் சொன்னால் கோழை என்று எண்ணுவார்களோ, பதவி உயர்வு போய்விடுமோ என்று அஞ்சி வாய்மூடி இருந்தவர்களே மிகுதி. தாங்கிக்கொண்ட அந்தப் பழக்கம் பின்னாளில் அவர்களுக்கு எதிரான சான்றாகவே ஆகிவிடுவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

தலைவலி என்பது அதை அனுபவிப்பவர் தானே அறிந்து சொல்லக்கூடிய ஒன்று. எப்போது தொடங்கியது, எப்படித் தொடர்ந்தது என்பது பற்றிய உங்கள் வாக்குமூலம் சட்டப்படி ஏற்கத்தக்க சான்றாகும். உடன் பணியாற்றிய நண்பர் ஒருவர், "ரோந்துக்குப் பின் இவர் பலமுறை கண்ணைக் கட்டிக்கொண்டு கட்டிலில் கிடந்ததைப் பார்த்தேன்" என்று எழுதினால் அதுவும் சான்றே. அத்தகைய கடிதத்துக்கு 21-10210 என்ற படிவம் இருக்கிறது. அந்தக் காலத்தில் ஊருக்கு அனுப்பிய கடிதம், மின்னஞ்சல், குறுஞ்செய்தி ஆகியவற்றில் தலைவலி பற்றி ஒரு வரி இருந்தாலும் தேடி எடுத்து வையுங்கள்.

பழைய தலைமுறை வீரர்களுக்கு வேறொரு சிக்கல் உண்டு. 1973 ஜூலையில் செயின்ட் லூயிஸ் நகரத்தின் தேசியப் பணியாளர் ஆவணக் காப்பகத்தில் ஏற்பட்ட தீயில் 1.6 முதல் 1.8 கோடி வரையிலான கோப்புகள் அழிந்தன. 1960க்கு முன் தரைப்படையிலிருந்து விடுபட்டவர்களின் கோப்புகளே அவற்றில் மிகுதி. கோப்பு எரிந்தது வீரரின் குற்றமன்று. ஆகவே மாற்றுச் சான்றுகளைத் தேடித் தருவதில் வி.ஏ.க்குக் கூடுதல் கடமை இருப்பதாக நீதிமன்றம் கூறியிருக்கிறது.

தலைவலி பணியில் தொடங்கவில்லை. பணியில் ஏற்பட்ட வேறொரு பாதிப்பால் பின்னாளில் வந்தது. அதற்கு விண்ணப்பிக்கலாமா?

விண்ணப்பிக்கலாம். இதை இரண்டாம் நிலைத் தொடர்பு என்பார்கள். ஏற்கெனவே ஏற்கப்பட்ட கழுத்துக் காயம், காதிரைச்சல், போர் அதிர்ச்சி மனநோய், மூளைக் காயம் ஆகியவற்றுள் ஒன்று ஒற்றைத் தலைவலியை உண்டாக்கினாலோ, இருந்ததை மோசமாக்கினாலோ அதுவும் இழப்பீட்டுக்கு உரியது. பலருக்குத் தோன்றாத வழி ஒன்றும் உண்டு. முதுகுவலிக்காக மாதத்தில் பாதி நாள் வலிநிவாரணி விழுங்குபவருக்கு அந்த மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரும். மருத்துவ உலகம் நன்கு அறிந்த நிலை அது. முதுகுவலி ஏற்கப்பட்டிருந்தால், அதற்கான மருந்தால் வந்த தலைவலியையும் அதனோடு தொடர்புபடுத்திக் கேட்கலாம்.

மூளைக் காயத்துக்கு ஏற்கெனவே இழப்பீடு பெறுகிறேன். தலைவலிக்குத் தனியாகக் கேட்க முடியுமா?

ஒரே அறிகுறிக்கு இருமுறை இழப்பீடு கிடையாது என்பது பொதுவிதி. ஆனால் மூளைக் காயத்துக்கான 8045ஆம் எண்ணின் விதியிலேயே, ஒற்றைத் தலைவலி போலத் தனி நோயாகக் கண்டறியப்பட்டதைத் தனியே மதிப்பிட வேண்டும் என்று பெயர் சொல்லியே எழுதப்பட்டிருக்கிறது. ஆகவே உங்கள் மருத்துவப் பதிவில் "காயத்துக்குப் பின் தலைவலி இருப்பதாகக் கூறுகிறார்" என்று மட்டும் இருக்கிறதா, "ஒற்றைத் தலைவலி" என்ற நோய்ப்பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். நோய்ப்பெயர் இல்லையென்றால் நரம்பியல் மருத்துவரைப் பார்ப்பதே முதல் வேலை.

வளைகுடாப் போரில் இருந்தவர்களுக்குத் தனி விதி உண்டாமே?

உண்டு. 1990 ஆகஸ்ட் 2 முதல் ஈராக், குவைத், சவுதி அரேபியா உள்ளிட்ட தென்மேற்கு ஆசியப் பகுதிகளில் பணியாற்றியவர்களுக்கு, எந்த நோய் என்று கண்டறிய முடியாத அறிகுறிகள் 6 மாதங்களோ அதற்கு மேலோ நீடித்தால், பணிக்கும் அதற்கும் தொடர்பு உண்டு என்று சட்டமே ஊகித்துக்கொள்கிறது. அந்த அறிகுறிகளின் பட்டியலில் தலைவலியும் இருக்கிறது. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: மருத்துவர் ஒற்றைத் தலைவலி என்று பெயரிட்டுவிட்டால் அது கண்டறியப்பட்ட நோயாகிவிடும், அதன் பிறகு இந்த வழி பொதுவாகப் பொருந்தாது, மேலே சொன்ன மூன்று சான்றுகளின் வழியே செல்ல வேண்டியிருக்கும்.

எத்தனை விழுக்காடு தருவார்கள்?

8100ஆம் எண்ணில் 0, 10, 30, 50 என்று நான்கே படிகள். 50க்கு மேல் கிடையாது. படுக்கையில் தள்ளும் தாக்குதல், கடந்த சில மாதங்களில் சராசரியாக இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வந்தால் 10. மாதத்துக்கு ஒருமுறை வந்தால் 30. மிக அடிக்கடி வந்து, முற்றாகப் படுக்கையில் தள்ளி, நெடுநேரம் நீடித்து, பிழைப்பையே கடுமையாகக் குலைக்கும் நிலை இருந்தால் 50. இவற்றைவிட அரிதாக வந்தால் 0.

வலியின் கடுமை பற்றி இங்கே ஒரு சொல்லும் இல்லை என்பதைக் கவனியுங்கள். பத்துக்கு ஒன்பது வலி என்று எத்தனை முறை சொன்னாலும் அது அட்டவணையில் எந்தக் கட்டத்திலும் அடங்காது. அந்த வலி உங்களை என்ன செய்ய முடியாமல் ஆக்கியது, அப்படி எத்தனை முறை ஆக்கியது என்ற இரண்டு கேள்விகளுக்கு மட்டுமே அட்டவணை விடை தேடுகிறது. பத்தாண்டுகளாக வதைபட்ட ஒருவர் 0 அல்லது 10 விழுக்காட்டோடு திரும்பிவருவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்: அவர் வலியைச் சொன்னார், நாட்களைச் சொல்லவில்லை.

"படுக்கையில் தள்ளும்" என்றால் என்ன பொருள்?

விதியில் இதற்கு விளக்கம் இல்லை. வி.ஏ.யின் உள் கையேடு, மிகுந்த சோர்வையும் வலுவின்மையையும் உண்டாக்கி, அன்றாட வேலைகளில் ஈடுபட முடியாதபடி பெருமளவில் முடக்குவது என்று விளக்குகிறது. முற்றாகப் படுக்கையில் தள்ளுவது என்றால், அந்த வேலைகளில் அறவே ஈடுபட முடியாத நிலை. கதவைச் சாத்தி, திரையை இழுத்துவிட்டு, ஈரத்துணியைக் கண்ணில் போட்டுக்கொண்டு படுத்தீர்களா? வண்டி ஓட்ட முடிந்ததா? பிள்ளைக்குச் சோறு போட முடிந்ததா? இவற்றை உள்ளது உள்ளபடி எழுதினால் போதும். சட்டச் சொல்லை அப்படியே திருப்பிச் சொல்வதைவிட இத்தகைய விவரம் நம்பத்தக்கது. மிகைப்படுத்த வேண்டாம், கோப்பில் உள்ள மற்றப் பதிவுகளோடு ஒத்துவராத ஒரு கூற்று, உண்மையான மற்றக் கூற்றுகளையும் சேர்த்துக் கெடுத்துவிடும்.

நான் இன்னும் வேலை பார்க்கிறேன். எனக்கு 50 விழுக்காடு கிடைக்காது என்கிறார்களே?

அது தவறான கருத்து. 2004இல் பியர்ஸ் எதிர் பிரின்சிபி என்ற வழக்கில், முன்னாள் படைவீரர்களுக்கான மேல்முறையீட்டு நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. 50 விழுக்காடு பெற முற்றிலும் வேலை செய்ய இயலாதவராக இருக்க வேண்டும் என்று விதியில் எங்கும் இல்லை. பிழைப்பைக் கடுமையாகக் குலைக்கக்கூடிய தன்மை அந்தத் தாக்குதலுக்கு இருந்தாலும் போதும்; ஏற்கெனவே குலைத்திருக்க வேண்டும் என்பதில்லை. எடுத்த விடுப்புகள், பாதி நாளில் வீடு திரும்பிய பதிவுகள், மேலாளர் செய்துகொடுத்த சலுகைகள், குடும்ப மருத்துவ விடுப்புச் சட்டத்தின் கீழ் எடுத்த விடுப்புக்கான தாள்கள் ஆகியவற்றைத் திரட்டுங்கள். தலைவலி வந்தால் படுத்துக்கொள்ள மேலாளர் ஓர் அறையை ஒதுக்கித் தந்திருந்தால், அவரிடமே ஒரு கடிதம் கேட்டு வாங்குங்கள். அத்தகைய தயவு இல்லாத இடத்தில் உங்கள் வேலை என்னவாகியிருக்கும் என்பதை அது காட்டும்.

தலைவலிக் குறிப்பேட்டில் என்ன எழுத வேண்டும்?

தேதி, தொடங்கிய நேரம், முடிந்த நேரம், முன்னறிகுறி, வாந்தி இருந்ததா, எந்த மருந்தை எடுத்தீர்கள், அது கேட்டதா, எவ்வளவு நேரம் படுத்தே கிடந்தீர்கள், எந்த வேலை நின்றுபோனது. இவ்வளவுதான். வலி தணிந்த அன்றே எழுதிவிடுங்கள். விண்ணப்பிக்கும் முந்திய நாள் ஒரே பேனாவில் ஆறு மாதத்தை நினைவிலிருந்து நிரப்பினால் அது குறிப்பேடாகாது. கைப்பேசிச் செயலி, சுவர் நாட்காட்டி, பள்ளி நோட்டு எதுவும் ஏற்புடையதே. அதன் படியை உங்கள் மருத்துவரிடம் கொடுத்து மருத்துவப் பதிவில் சேர்க்கச் சொல்லுங்கள்.

குடும்பத்தார் எழுதும் கடிதத்துக்கு மதிப்பு உண்டா?

மிகவும் உண்டு. தாக்குதல் வரும்போது வீட்டில் நடப்பதைப் பார்த்தவர் மனைவியோ கணவரோ தாயோதான். "என் மகன் மிகவும் கஷ்டப்படுகிறான்" என்று எழுதாமல், "மாதத்தில் மூன்று நான்கு நாள் அறையை விட்டு வெளியே வருவதில்லை, அன்று மிக்சி போட மாட்டேன், தாளிக்கவும் மாட்டேன், அந்த வாசனைக்கே வாந்தி எடுப்பான்" என்று எழுதுங்கள். தாயின் கண்ணுக்கு மட்டுமே தெரியும் விவரம் அது. தமிழில் சிந்தித்துத் தமிழிலேயே எழுதிவிட்டு, பிறகு நம்பகமான ஒருவரைக் கொண்டு ஆங்கிலத்தில் பெயர்த்துத் தருவது நல்லது; தெரியாத மொழியில் நேராக எழுத முயன்றால் இத்தகைய விவரங்களே முதலில் உதிர்ந்துபோகும்.

வி.ஏ. அனுப்பும் மருத்துவப் பரிசோதனையில் என்ன நடக்கும்?

இதைச் சி அண்ட் பி, அதாவது இழப்பீடு, ஓய்வூதியப் பரிசோதனை என்பார்கள். சிகிச்சைக்கானது அன்று; படிவத்தை நிரப்புவதற்கானது. படுக்கையில் தள்ளும் தாக்குதல் வருகிறதா, எத்தனை நாளுக்கு ஒருமுறை, வேலையைப் பாதிக்கிறதா என்ற கேள்விகள் அதில் இருக்கும். பெரும்பாலும் அன்று உங்களுக்குத் தலைவலி இருக்காது. "எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்டவுடன் "நன்றாக இருக்கிறேன்" என்று சொல்வது நம் வழக்கம், படைவீரர் வழக்கமும் அதுவே. அந்தப் பதில் அப்படியே பதிவாகிவிடக்கூடும். மோசமான நாட்கள் எப்படி இருக்கும், மாதத்தில் எத்தனை என்பதைச் சொல்லுங்கள்; மருந்து எடுத்தால் என்ன ஆகிறது, எடுக்காவிட்டால் என்ன ஆகிறது என்பதைத் தனித்தனியாகச் சொல்லுங்கள். பரிசோதனைக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள். தலைவலியாலேயே போக முடியாமல் போனால் உடனே தொலைபேசியில் அழைத்து வேறு நாள் கேளுங்கள்.

தொகை எவ்வளவு?

2025ஆம் ஆண்டுக்கான விகிதப்படி, சார்ந்திருப்போர் இல்லாத ஒருவருக்கு மாதம் 10 விழுக்காட்டுக்கு 175.51 டாலரும், 30க்கு 537.42 டாலரும், 50க்கு 1,102.04 டாலரும் வழங்கப்பட்டன. விலைவாசிக்கேற்ப ஒவ்வொரு டிசம்பரிலும் இது மாறும். 30 விழுக்காடும் அதற்கு மேலும் பெறுவோருக்குக் குடும்பத்தினரைக் கணக்கிட்டுக் கூடுதல் தொகை உண்டு. இதற்கு வருமான வரி இல்லை.

பல பாதிப்புகள் இருந்தால் நேராகக் கூட்ட மாட்டார்கள். மன அதிர்ச்சிக்கு 50, தலைவலிக்கு 30 என்றால் மொத்தம் 80 ஆகாது. முதல் 50 போக எஞ்சியிருக்கும் 50இல் 30 விழுக்காடு 15. ஆக 65, அது 70ஆக முழுமையாக்கப்படும்.

தலைவலியால் வேலையே பார்க்க முடியவில்லை. 50தான் உச்சமா?

வேலை செய்ய இயலாமைக்கான தனி ஏற்பாடு உண்டு. அது கிடைத்தால் 100 விழுக்காட்டுக்கான தொகையே வழங்கப்படும். அதற்கு ஒரே பாதிப்பு 60 விழுக்காடு இருக்க வேண்டும். அல்லது பல பாதிப்புகளுள் ஒன்று 40ஆகவும் மொத்தம் 70ஆகவும் இருக்க வேண்டும். தலைவலி தனியாக 60ஐ எட்டாது என்பதால் இது மூடிய கதவு போலத் தோன்றும். ஆனால் ஒரே விபத்திலிருந்து வந்த பாதிப்புகளை ஒன்றாகவே எண்ண வேண்டும் என்று விதி சொல்கிறது. ஒரே குண்டுவெடிப்பால் வந்த மூளைக் காயத்துக்கு 40, தலைவலிக்கு 50 என்றால் இரண்டும் இணைந்து 70 ஆகி, ஒரே பாதிப்பாகக் கொள்ளப்படும். எண்கள் எட்டாதபோதும் தனிச்சிறப்பு நிலையாகக் கருதும்படி கேட்கலாம்.

எப்போது விண்ணப்பிக்க வேண்டும்?

கடைசித் தேதி கிடையாது; ஆனால் தாமதித்த மாதங்களுக்குப் பணம் வராது. பணியிலிருந்து விடுபட்ட ஓராண்டுக்குள் விண்ணப்பித்தால் விடுபட்ட மறுநாளிலிருந்தே கணக்கிடுவார்கள். சான்றுகள் இன்னும் சேரவில்லையென்றால் 21-0966 என்ற விருப்ப அறிவிப்புப் படிவத்தை இன்றே கொடுத்துவிடுங்கள். அடுத்த ஓராண்டுக்குள் முழு விண்ணப்பத்தைத் தந்தால் அந்த முதல் தேதியே காக்கப்படும்.

0 விழுக்காடு தந்துவிட்டார்கள். அதனால் என்ன பயன்?

பணம் இல்லை; ஆனால் பணிக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பு ஏற்கப்பட்டுவிட்டது. நோய் முற்றினால் இனி அதை மீண்டும் நிரூபிக்க வேண்டியதில்லை, அதிகரிப்பை மட்டும் காட்டினால் போதும். அந்த நோய்க்கு வி.ஏ. மருத்துவமனையில் சிகிச்சையும் கிடைக்கும்.

மறுத்துவிட்டால்?

2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த மேல்முறையீட்டுச் சீர்திருத்தத்தின்படி மூன்று வழிகள் உண்டு. புதிய, தொடர்புடைய சான்று இருந்தால் துணை விண்ணப்பம். சான்று அதுவே போதும், முடிவு தவறு என்று கருதினால் மூத்த அலுவலரின் மறுஆய்வு. அல்லது மேல்முறையீட்டு வாரியம். ஓராண்டுக்குள் ஒன்றைத் தேர்ந்தால் பழைய தேதி இழக்கப்படாது. முடிவுக் கடிதத்தை நிதானமாகப் படியுங்கள். மூன்று சான்றுகளுள் எது குறை என்று அதிலேயே இருக்கும். தலைவலி விண்ணப்பங்களில் பெரும்பாலும் மருத்துவக் கருத்தே குறையாக இருப்பதால், நல்ல கருத்து ஒன்றைப் பெற்றுத் துணை விண்ணப்பம் செய்வதையே நான் முதலில் பரிந்துரைப்பேன். வாரியமும் மறுத்தால் 120 நாட்களுக்குள் நீதிமன்றம் செல்லலாம்.

உதவிக்கு யாரிடம் போவது? கட்டணம் உண்டா?

டி.ஏ.வி., வி.எஃப்.டபிள்யூ., அமெரிக்கன் லீஜன் போன்ற முன்னாள் வீரர் அமைப்புகளிலும், பல மாவட்ட அலுவலகங்களிலும் அங்கீகாரம் பெற்ற அலுவலர்கள் இலவசமாக உதவுகிறார்கள். முதல் விண்ணப்பத்தைத் தயாரிக்க யாரும் கட்டணம் வாங்கச் சட்டம் இடம் தரவில்லை. கிடைக்கப்போகும் மாதத் தொகையில் சில மடங்கைக் கேட்டு முன்கூட்டியே கையொப்பம் வாங்குபவர்களிடமிருந்து விலகியிருங்கள்.

விண்ணப்பம் முடியும்வரை காத்திருக்க முடியாத அளவு வலி இருக்கிறது.

காத்திருக்க வேண்டாம். சிகிச்சை வேறு, இழப்பீடு வேறு. வி.ஏ. மருத்துவமனைகளுள் சிலவற்றில் தலைவலிக்கென்றே சிறப்பு மையங்கள் 2018 முதல் இயங்குகின்றன. உங்கள் மருத்துவரிடம் பரிந்துரை கேளுங்கள். திடீரென்று இதுவரை அறியாத கடுமையில் தலைவலி வந்தாலோ, பேச்சு குழறினாலோ, ஒரு பக்கம் மரத்துப்போனாலோ 911ஐ அழைத்து உடனே அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள். ஓயாத வலியால் உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் எழுந்தால் 988ஐ அழைத்து 1ஐ அழுத்துங்கள். இரவு பகல் எந்த நேரத்திலும் முன்னாள் வீரர்களுக்கென்றே அங்கே ஒருவர் எடுத்துப் பேசுவார். அருகில் இருப்பவர்களும் அந்த எண்ணை அழைக்கலாம்.